லாஜிக் தாள் உங்கள் தலையில் விழுந்தால்: புதிய தத்துவ ஆசிரியருக்கு

தத்துவத் துறையில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு தாள் காத்திருக்கும். அறவியல், சைவ சித்தாந்தம், மேலைத் தத்துவ வரலாறு எல்லாவற்றையும் மூத்தவர்கள் பல வருடமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். மிச்சம் இருப்பது லாஜிக். பாடத்திட்டத்தில் தருக்கம், தருக்கவியல், அளவையியல் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது பெரும்பாலும் புதியவர் தலையில்தான் வந்து விழும். இருக்கைகளில் இருப்பவர்களில் பாதிப் பேர் கணக்குக்குப் பயந்து கலைப் பிரிவுக்கு வந்தவர்கள். நீங்களும் எம்.ஏ. படித்தபோது தேர்வுக்காக விதிகளை மனப்பாடம் செய்துவிட்டு அப்புறம் மறந்தவராக இருக்கலாம். அது பெரிய தடையில்லை. ஒரு பருவம் ஒழுங்காக நடத்தினால் வேறு எந்தத் தாளும் தராத ஒரு பழக்கம் உங்களுக்கே வந்துவிடும். யார் எதைச் சொன்னாலும் "எந்தப் படியில் உடைகிறது?" என்று பார்க்கும் பழக்கம் அது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில்: பயிற்சிகளை நீங்களே போடுங்கள்

வகுப்பு தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். நடத்தப்போகும் ஒவ்வொரு அத்தியாயத்தின் பயிற்சிகளையும் பேனா பிடித்து நீங்களே போட்டுப் பாருங்கள். வாசித்துப் புரிந்துகொள்வது போதாது. கரும்பலகையில் நிற்கும்போது கைக்குத்தான் வேலை.

அடுத்து, குறியீடுகளில் ஒரு முடிவுக்கு வாருங்கள். நம் ஊர்ப் பாடத்திட்டங்களில் இர்விங் கோபியின் பாடநூல் (முதல் பதிப்பு 1953) இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. அதில் "எனில்" என்பதற்குக் குதிரை லாடக் குறி, "மற்றும்" என்பதற்குப் புள்ளி. இணையத்தில் கிடைக்கும் புதிய நூல்களில் அம்புக்குறியும் கூரைக் குறியும் இருக்கும். மாணவர் யூடியூபில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து "சார், இது வேற குறியா இருக்கே" என்று கேட்பார். தேர்வுக்கு எது வருமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதை முதல் நாளே ஒரு சிறு அட்டவணையாக எழுதிக் கொடுத்துவிட்டால் பருவம் முழுவதும் அந்தக் கேள்வி வராது.

செலவில்லாமல் கிடைப்பவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'ஃபார் ஆல் எக்ஸ்' என்ற திறந்த பாடநூல் இருக்கிறது. கால்கரி பல்கலைக்கழகத்தில் திருத்தி வெளியிட்ட பதிப்பைத் தேடி எடுங்கள். தமிழில் பயிற்சி வேண்டும் என்றால் இலங்கைப் பக்கம் பாருங்கள். அங்கே உயர்தரக் கலைப் பிரிவில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று ஒரு பாடமே இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் அதைத் தமிழில் எழுதுகிறார்கள். அந்த ஆசிரியர் கைந்நூல்களும் பழைய வினாத்தாள்களும் தமிழ்வழி மாணவர்களுக்கு அவ்வளவு உதவும். தமிழ்நாட்டில் இதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் வகுப்பு: வரையறையோடு ஆரம்பிக்காதீர்கள்

"தருக்கவியல் என்பது சரியான சிந்தனையின் விதிகளை..." என்று தொடங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் கடைசி பெஞ்சு போய்விடும். பலகையில் இதை எழுதுங்கள்:

எல்லா மீன்களும் மரம் ஏறும்.
சுறா ஒரு மீன்.
ஆகவே, சுறா மரம் ஏறும்.

"இந்த வாதம் சரியா?" என்று கேளுங்கள். சிரிப்பார்கள், தப்பு என்பார்கள். எந்த வரி தப்பு என்று கேளுங்கள். முதல் வரி. சரி, அந்த முதல் வரி மட்டும் உண்மையாக இருந்திருந்தால்? வகுப்பு அமைதியாகும். டெல்டா பக்கத்திலிருந்து வந்த ஒருவர் "பனையேறிக் கெண்டை ஏறுமே சார்" என்பார். அவரை விட்டுவிடாதீர்கள், நல்ல மாணவர். ஒரு மீன் ஏறினால் "எல்லா மீன்களும்" உண்மையாகிவிடுமா என்று அவரிடமே கேளுங்கள்.

அடுத்து இதை எழுதுங்கள்:

சில ஆசிரியர்கள் தமிழர்கள்.
சில தமிழர்கள் பாடகர்கள்.
ஆகவே, சில ஆசிரியர்கள் பாடகர்கள்.

மூன்று வரியும் உண்மை. எனவே சரியான வாதம் என்பார்கள். உடனே அதே அச்சில் வேறு சொற்களைப் போடுங்கள். சில பறவைகள் கறுப்பு, சில கறுப்புப் பொருள்கள் கார்கள், ஆகவே சில பறவைகள் கார்கள். இந்த இடத்தில்தான் வகுப்பு உங்கள் பக்கம் வரும். எடுகூற்றுகள் (முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் வரிகள்) உண்மையா என்பது ஒரு கேள்வி, அவற்றிலிருந்து முடிவு வருகிறதா என்பது வேறு கேள்வி. இந்தப் பிரிவை அன்றைக்கே உட்கார வைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. உட்காரவில்லை என்றால் இரண்டாவது வகுப்பிலும் இதையே செய்யுங்கள், பாடத்திட்டம் ஓடிப்போய்விடாது.

"எனில்" படுத்தும் பாடு

இரண்டாவது மாதத்தில் உண்மை அட்டவணை வரும்: பகுதிகள் உண்மையா பொய்யா என்பதை வைத்து முழுக் கூற்றையும் கணிக்கும் அட்டவணை. "மற்றும்", "அல்லது", "இல்லை" மூன்றும் எளிதாகப் போய்விடும். "ப எனில் ம" என்பதில் வண்டி நிற்கும். முன்பகுதி பொய்யாக இருந்தால் முழுக் கூற்றும் எப்படி உண்மையாகும்? வழக்கமாக வாக்குறுதி உதாரணம் சொல்வார்கள்: "மழை பெய்தால் குடை வாங்கித் தருகிறேன்" என்றவர், மழை பெய்யாத நாளில் வாங்கித் தராவிட்டாலும் வாக்கு மீறியவர் ஆகமாட்டார். பரவாயில்லை, ஆனால் கெட்டிக்கார மாணவர் "வாக்கு மீறவில்லை என்றால் உண்மை என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று கேட்டுவிடுவார். கேட்பது நியாயம்தான்.

எண்களை எடுத்துக்கொள்வது இதைவிட உறுதியான வழி. "ஓர் எண் 4-ஆல் வகுபட்டால், அது 2-ஆல் வகுபடும்." இது எல்லா முழு எண்களுக்கும் உண்மை என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். இப்போது 8-ஐப் போடுங்கள்: முன்பகுதி உண்மை, பின்பகுதி உண்மை. 6-ஐப் போடுங்கள்: முன்பகுதி பொய், பின்பகுதி உண்மை. 7: இரண்டும் பொய். எல்லா எண்களுக்கும் உண்மை என்று ஒப்புக்கொண்டபின் 6-க்கும் 7-க்கும் அது உண்மை என்றுதானே சொல்ல வேண்டும்? மிச்சமிருப்பது முன்பகுதி உண்மையாகவும் பின்பகுதி பொய்யாகவும் இருக்கும் எண். தேடிப் பாருங்கள் என்று விடுங்கள். கிடைக்காது. அட்டவணையின் நான்கு வரிசைகளும் மாணவர்கள் வாயிலிருந்தே வந்துவிட்டன. அன்றாடப் பேச்சில் வரும் "-ஆல்" எல்லாமே இந்த அட்டவணைக்குள் அடங்கிவிடாது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். தத்துவவாதிகள் அதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இது முடிந்ததும் சீட்டு விளையாட்டு. உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் வெளியிட்ட சோதனை. நான்கு அட்டைகள்: ஆ, ம், 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்க வேண்டும். விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்ப வேண்டும்? பெரும்பாலானவர்கள் ஆ, 4 என்பார்கள், அல்லது ஆ மட்டும் என்பார்கள். சரியான விடை ஆ, 7. வேசனின் சோதனைகளில் பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. ஆகவே உங்கள் வகுப்பைத் திட்டாதீர்கள்.

உடனே இரண்டாவது சுற்று. மதுக்கடையில் நான்கு பேர். ஒருவர் பீர் குடிக்கிறார், ஒருவர் மோர் குடிக்கிறார், ஒருவருக்கு 30 வயது, ஒருவருக்கு 17. விதி: மது குடித்தால் வயது 21-ஆவது இருக்க வேண்டும். யாரைச் சோதிப்பீர்கள்? ஒரே குரலில் பதில் வரும்: பீர்க்காரரையும் 17 வயதுக்காரரையும். இரண்டும் ஒரே கணக்கு. 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் ஃபுளோரிடாவில் இப்படி மாற்றிக் கேட்டபோது ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். "எனக்கு லாஜிக் வராது" என்று சொல்லும் மாணவரிடம் சொல்ல இதைவிட நல்ல பதில் கிடையாது. அவருக்கு வருகிறது, எழுத்துகளும் எண்களும் வந்ததும் கைவிட்டுப் போகிறது. ஆகவே எந்தப் புதிய விதியையும் முதலில் தெரிந்த சூழலில் காட்டிவிட்டு அப்புறம் குறிக்கு மாற்றுங்கள்.

மலையில் புகை, உலையில் இரும்பு

இந்தியத் தருக்கம் பாடத்திட்டத்தில் தனி அலகாக இருக்கும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நடத்தும் ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டின் முதல் தாளிலும் அளவைகள் (அறிவு பெறும் வழிகள்), வியாப்தி (ஒன்று உள்ள இடத்திலெல்லாம் இன்னொன்றும் இருக்கும் என்ற மாறாத தொடர்பு), ஏதுப்போலி (காரணம் போலத் தோன்றும் தவறான காரணம்) எல்லாம் கேட்கிறார்கள். பலர் இதைப் பருவத்தின் கடைசியில் இரண்டு வகுப்பில் பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. மேலைத் தருக்கத்தோடு சேர்த்தே நடத்தினால் இரண்டும் தெளியும்.

தமிழ் மாணவர்களுக்கு வடமொழி நூல் வரை போக வேண்டியதில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு நடத்துவது முழுக்கத் தருக்க வகுப்புதான். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகள். மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை உண்டு, அடுக்களை மாதிரி, இந்த மலையிலும் புகை உண்டு, ஆகவே நெருப்பு உண்டு. அதன் பிறகு கடைசி இரண்டு உறுப்புகளும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்றும் சொல்லப்படுகிறது. நியாய மரபு (வைதிகத் தத்துவப் பள்ளிகளில் ஒன்று) ஐந்தை வலியுறுத்தியது, பௌத்தத் தருக்கம் மூன்றே போதும் என்றது. இதை அப்படியே விவாதமாக்குங்கள். கடைசி இரண்டு படிகளை எடுத்துவிட்டால் வாதம் எதையாவது இழக்கிறதா? "தனக்காக யோசிக்கும்போது தேவையில்லை, அடுத்தவருக்குச் சொல்லும்போது வேண்டும்" என்று யாராவது ஒரு மாணவர் சொல்வார். அது பழைய ஆசிரியர்கள் செய்த பிரிவுதான், அவராகவே கண்டுபிடித்துவிட்டார்.

அப்புறம் வியாப்தி. புகை உள்ள இடத்தில் தீ உண்டு. தீ உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டா? நியாய நூல்களின் வழக்கமான மறுப்பு, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு: தீ இருக்கிறது, புகை இல்லை. இப்போது மேலைப் பாடத்துக்குத் திரும்புங்கள். "மழை பெய்தால் மைதானம் நனையும், மைதானம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்திருக்கிறது." அங்கே இரும்புக் குண்டுக்கு என்ன வேலையோ அதே வேலை இங்கே தண்ணீர் லாரிக்கு. "எனில்" கூற்றைத் தலைகீழாக்க முடியாது என்பதை விதியாக எழுதிப் போடுவதைவிட இது நன்றாக நிற்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஐந்து உறுப்பு வாதத்தை அரிஸ்டாட்டிலின் மூன்று வரிக்குள் திணித்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்று முடிக்காதீர்கள். இந்திய மரபில் எடுத்துக்காட்டு வாதத்தின் உள்ளேயே இருக்கிறது. வடிவம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, அதிலிருந்து உண்மையான அறிவு கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் அக்கறை. இதில் ஆழமாகப் போக விரும்பினால் ஆக்ஸ்போர்டில் இருந்த பிமல் கிருஷ்ண மதிலால் (1935–1991) எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

யாளிக்குத் துதிக்கை உண்டா

நான்கு வகைக் கூற்றுகள் (எல்லாம், எதுவும் இல்லை, சில, சில இல்லை), அவற்றின் உறவைக் காட்டும் எதிர்மைச் சதுரம், வட்டங்களால் வரையும் வென் படம் எல்லாம் பாடநூலில் அடுத்தடுத்து வரும். இவற்றுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. "எல்லா யாளிகளுக்கும் துதிக்கை உண்டு" என்பதிலிருந்து "சில யாளிகளுக்குத் துதிக்கை உண்டு" வருமா? பழைய சதுரத்தில் வரும். வென் படத்தில் வராது, ஏனென்றால் "சில" என்றால் ஒன்றாவது இருக்க வேண்டும், யாளி கோயில் தூணில்தான் இருக்கிறது. அதனால்தான் ஒரு புத்தகம் செல்லுபடியாகும் முக்கூற்று (இரண்டு எடுகூற்றும் ஒரு முடிவும் கொண்ட வாத) வடிவங்கள் 24 என்கிறது, இன்னொன்று 15 என்கிறது. தேர்வில் எந்தக் கணக்கு என்பதை வினாவிலேயே சொல்ல வேண்டும். மாணவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நிறுவலைக் கீழிருந்து தொடங்குங்கள்

கோபியின் முறையில் 19 விதிகள்: 9 அனுமான விதிகள், 10 மாற்றீட்டு விதிகள். மாணவர்கள் அவற்றை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள், கணக்கைக் கொடுத்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு இல்லாதது விதி அறிவு இல்லை, எங்கே தொடங்குவது என்பது.

கொடுத்திருப்பது: "ப-வும் ம-வும் எனில் வ". நிறுவ வேண்டியது: "ப எனில், (ம எனில் வ)". முடிவைப் பாருங்கள். அது "எனில்" கூற்று. அப்படியானால் ப-வைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்வோம். இனி நிறுவ வேண்டியது "ம எனில் வ" மட்டும். அதுவும் "எனில்" கூற்று, ம-வையும் ஏற்றுக்கொள்வோம். இப்போது தேவை வ. வ எங்கே கிடைக்கும்? கொடுத்த வரியின் வாலில். அதை எடுக்க ப-வும் ம-வும் சேர்ந்து வேண்டும். இரண்டும் கையில் இருக்கின்றன. முடிந்தது. இனி மேலிருந்து கீழாகச் சுத்தமாக எழுதுங்கள். ஒவ்வொரு நிறுவலையும் இப்படிச் சத்தமாக யோசித்துக் காட்டுங்கள். தயாராக எழுதிக் கொண்டுவந்த விடையைப் பலகையில் பிரதி எடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

தற்காலிக ஏற்பு உங்கள் பாடத்திட்டத்தில் கடைசி அலகில் இருந்தால் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். 1930-களின் நடுவில் ஜெர்மன் தருக்கவியலாளர் கெர்ஹார்ட் கென்ட்சன் இந்த முறையை வகுத்தபோது சொன்ன காரணமே, கணிதவியலாளர்கள் உண்மையில் இப்படித்தான் நிறுவுகிறார்கள் என்பதுதான்.

திருத்துவது, வினாத்தாள் எடுப்பது

விடைத்தாளில் முதல் தவறான வரியை மட்டும் வட்டமிடுங்கள். அதற்குக் கீழே சிவப்பு மையைக் கொட்ட வேண்டாம். பலருக்கு ஒரே வரியில் வட்டம் விழுந்தால் அடுத்த வகுப்பில் அதைத்தான் மறுபடி நடத்த வேண்டும். வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள், எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "மூன்றாவது வரி எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். வீட்டுப்பாடத்தை இப்போது செயலி எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே மதிப்பெண்ணை வகுப்பிலேயே வாராவாரம் நடத்தும் பத்து நிமிடச் சிறுதேர்வுக்கு மாற்றிவிடுங்கள்.

போலிகளின் (தவறான வாத வகைகளின்) பட்டியலைக் கூடுமானவரை தள்ளிப்போடுங்கள். பெயர்கள் தெரிந்ததும் மாணவர்கள் டிவி விவாதம் பார்த்துக்கொண்டே முத்திரை குத்த ஆரம்பித்துவிடுவார்கள். எதிராளி சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் போலியின் பெயரைச் சொல்லலாம் என்று ஒரு விதி வைத்தால் கொஞ்சம் அடங்கும்.

வினாத்தாள் அனுப்பும் முன் ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். "நிறுவுக" என்று கேட்ட வாதம் செல்லாத வாதமாக இருந்த வினாத்தாள்கள் உண்டு. ஒரு எதிர்மறைக் குறி அச்சில் விடுபட்டால் போதும். மெய்ப்பு உங்கள் கைக்கு வராத இடங்களில் கையெழுத்துப் பிரதியில் குறிகளைப் பெரிதாக எழுதுங்கள்.

வகுப்புக்கு வெளியே

2018 யுஜிசி விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல். கேட்க லேசாக இருக்கும். அதற்கு மேல் நாக் (கல்லூரித் தர மதிப்பீட்டு அமைப்பு) கோப்புகள், அகமதிப்பீடு, சேர்க்கைப் பணி, தேர்வுக் கண்காணிப்பு. கௌரவ விரிவுரையாளராக இருந்தால் வேலை அதே, பாதுகாப்பு இல்லை. ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும் என்று காத்திருந்தால் கிடைக்காது. காலை முதல் மணி காலியாக இருக்கும்படி கால அட்டவணையில் கேட்டு வாங்கி, அதில் எழுதுங்கள். அந்த நேரத்தில் துறை அறையில் உட்காராதீர்கள், நூலகத்துக்குப் போய்விடுங்கள். அறையில் இருந்தால் கையெழுத்துக்கு யாராவது வருவார்கள்.

பல கல்லூரிகளில் தத்துவத் துறை என்றால் இரண்டு மூன்று பேர்தான், அதில் லாஜிக் பேச ஆள் இருக்காது. கணினி அறிவியல் துறைக்குப் போங்கள். பூலியன் இயற்கணிதம் நடத்துபவர் உங்கள் உண்மை அட்டவணையைத்தான் வேறு உடையில் நடத்துகிறார். அவர் மாணவர்களும் உங்கள் மாணவர்களும் சேர்ந்து ஒரு மதியம் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் லாபம்.

கட்டுரை அனுப்பும் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சாகும் என்று மின்னஞ்சல்கள் வரும், அழித்துவிடுங்கள். முன்பு யுஜிசி-கேர் என்று ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியல் ஒன்று இருந்தது, 2025-இல் யுஜிசி அதைக் கைவிட்டது. இப்போது இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடமும் உங்கள் கல்லூரியிடமும்தான். எளிய சோதனை: நீங்கள் மதித்து மேற்கோள் காட்டும் கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன என்று பாருங்கள். அங்கே அனுப்பினால் மாதக்கணக்கில் காத்திருந்து பெரும்பாலும் நிராகரிப்புதான் வரும். மதிப்பீட்டாளர் குறிப்பை ஒரு நாள் மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்து, எந்தப் படியை அவர் ஏற்கவில்லை என்று மட்டும் தேடுங்கள். சில சமயம் அவர் தவறாகப் படித்திருப்பார். அப்போதும் அவர் தடுக்கி விழுந்த வாக்கியத்தைத் திருத்தத்தான் வேண்டும்.

ஆட்களைச் சந்திக்க, இந்தியத் தருக்கவியல் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநாடு நடத்துகிறது, பயிற்சிப் பள்ளிகளும் உண்டு. 1977-இல் அமைக்கப்பட்ட இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆய்வு உதவித்தொகையும் கருத்தரங்கு நிதியும் தருகிறது, அறிவிப்புகளை அதன் தளத்தில் பாருங்கள். கட்டுரைச் சுருக்கம் ஏற்கப்பட்டு மின்னஞ்சல் வந்த அன்றே ஓடி விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த நாட்களுக்கு உங்கள் வகுப்புகளை யார் எடுப்பார் என்பதையும் அதே தாளில் குறித்தால் துறைத் தலைவர் கையெழுத்துப் போட யோசிக்கமாட்டார்.